முள்ளுக்காட்டுக்கு நின்ற தேசம்மாள்

தேசம்மாள் போய்விட்ட செய்தியை அவள் தம்பி முனுசாமி சைக்கிளில் கொண்டுவந்தான். முத்தாபுதுப்பேட்டைப் பக்கமிருந்து அம்பத்தூரில் நான் இப்போது இருக்கும் வீடு வரைக்கும் காலை வெயிலில் மிதித்து வந்திருந்தான். அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மின்சார ரயில் இருக்கும்போது ஏன் இப்படி என்று கேட்டேன். ரயிலில் சும்மா உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும், மிதித்தால் வராது என்றான். சொல்லி முடித்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

காலில் ஆறாத புண். சர்க்கரை. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்தும் பத்து நாள் தாங்கவில்லை. பட்டாக்கத்தி வெட்டுக்குச் சாகாதவள் சர்க்கரைக்குச் செத்தாள் என்று கேட்டபோது எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவளை யாராவது கொன்றிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கழுத்து வரைக்கும் மாலை. இடது தோளில் இருந்த தழும்பு தெரியவில்லை. நான் இரண்டு மாலைகளை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, தோள் தெரியும்படி ரவிக்கை ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினேன். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஒரு பெண் மறுபடி மாலையை ஏற்ற வந்தாள். முனுசாமி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளைத் தெரியாதவர்கள் கையிலும் இது சிக்கும் என்பதால் கொஞ்சம் முன்கதையும் சொல்கிறேன். அவளை 'அவள்' என்றே எழுதப்போகிறேன். ஒரு தடவை தாலுகா ஆபீசுக்குப் போட்ட மனுவில் 'திருமதி தேசம்மாள் அவர்கள்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். யார் அந்த அம்மா, புதுசாகச் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கும் அவள் ஊருக்கும் நடுவில் ஒரு தாங்கல் உண்டு. சின்ன ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அந்தத் தண்ணீரில் நெல் விளைந்தது. அந்த வயல்களில் நடவு நட்டு, களை பறித்த கூலிக் குடும்பம் அவளுடையது. வயல்கள் போனபிறகு அவள் தொழிற்சாலை காண்டீனில் சாம்பார் வாளி தூக்கினாள். நான் அதே தொழிற்சாலையில் டர்னர், லேத்தில் இரும்பு கடைபவன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் எல்லா மாவட்டத்து ஆட்களும் இருந்தோம். எங்களுக்குப் பொதுவாக இருந்தவை பாதுகாப்புத் துறை வேலையும், ஞாயிற்றுக்கிழமையும், தாங்கலின் மேல்கரையில் இருந்த ஏழெட்டு ஏக்கர் முள்ளுக்காடும்தான். இலந்தை, சூரை, களா, காரை, ஆதண்டை என்று இப்போது பெயர் சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் கண்ணில் பட்டது முள், பாம்பு, குப்பை.

எண்பதுகளின் நடுவில் எங்கே பார்த்தாலும் மரம் வளர்ப்போம் என்ற பேச்சு. நானும் சேலத்துக்காரரான எலக்ட்ரீஷியன் தங்கராசுவும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கினோம். நல்லெண்ணத்துக்கு எங்களிடம் குறைவே இல்லை. முள்ளுக்காட்டை அழித்துவிட்டுச் சோலை போடுவது என்று முடிவு செய்தோம். பீரங்கி வண்டிக்கு உருளை கடைகிற கைகள் அரைகுறையாக எதையும் செய்யாது. நாலே ஞாயிற்றுக்கிழமையில் அத்தனை ஏக்கரையும் மொட்டை அடித்தோம். வேரோடு பிடுங்கினோம். பிடுங்க முடியாததைக் கொளுத்தினோம். சாரைப்பாம்பு ஒன்பது அடித்துக் கரையில் வரிசையாகப் போட்டோம். நான் அவற்றின் நீளத்தை டேப் வைத்து அளந்தேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். நான் வெள்ளை பனியனோடு ஒரு சூரைப் புதரை வெட்டிக்கொண்டிருந்தேன். அரிவாள் ஏதோ மெத்தென்ற பொருளில் இறங்கியது. கௌதாரி. முட்டையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததை இரண்டாக்கிவிட்டிருந்தேன். அவள் குனிந்து அதை எடுத்தாள். ஒரு கையில் தலைப்பக்கம், ஒரு கையில் வால்பக்கம். இரண்டையும் என் நெஞ்சின்மேல் வீசி அடித்தாள். பனியன் சிவப்பாகிவிட்டது.

"இன்னாயா பாவம் பண்ணிச்சு இது? முட்ட மேல குந்திகினு கெடந்துச்சு. ஒன் ஊட்ல பூந்து ஒம் பொண்டாட்டிய இப்டி வெட்னா சும்மா இருப்பியா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அரிவாளை ஓங்கிவிட்டேன். தங்கராசு என் கையைப் பிடித்தார். அவள் நகரவில்லை. ஓங்கிய கையை ஒரு தடவை பார்த்தாள், காறித் துப்பினாள், போய்விட்டாள். அந்தக் கையால்தான் மறுநாள் காண்டீனில் அவளிடம் தட்டு நீட்டினேன். சாம்பார் கரண்டி நிறையக் கொதிக்கக் கொதிக்க என் கட்டைவிரல்மேல் ஊற்றினாள். தெரியாமல் பட்டுவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். விரலில் தோல் உரிந்து போய் இரண்டு வாரம் லேத்தில் நிற்க முடியவில்லை.

மொட்டையடித்த இடத்தில் கயிறு பிடித்து, குழி எடுத்து, மயில்கொன்றையும் தைலமரமும் தூங்குமூஞ்சியும் நட்டோம். இங்கேதான் குவார்ட்டர்ஸ்காரர்களின் புத்தி வேலை செய்தது. பாதுகாப்புத் துறை வளாகத்தில் பத்து வருஷம் இருந்தவனுக்கு அசையாத பொருள் எதைக் கண்டாலும் சுண்ணாம்பு அடிக்கத் தோன்றும். கருங்கல் கொண்டுவந்து, வரிசைக்கு வரிசை, பாத்திக்குப் பாத்தி, முப்பதுக்கு நாற்பது அடிக் கட்டங்களாக நட்டு, வெள்ளை அடித்தோம். நடுவில் நடக்க அகலமான பாதை விட்டோம். அதன் இரண்டு பக்கமும் கல். தூரத்திலிருந்து பார்த்தால் அணிவகுப்பு மைதானம் தோற்றுவிடும். அந்தக் கோடையில் கன்றுகளை ஆடு தின்றது, மிச்சத்தை வெயில் தின்றது. கல் மட்டும் நின்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று எங்களை நாங்களே கேலி செய்துகொண்டோம். அது குரங்கு இல்லை, அதைவிட மோசமான ஒன்று என்று தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

அதைச் சொன்னதும் தேசம்மாள்தான். கௌதாரியை வீசி அடித்த நாளுக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள் மதியச் சாப்பாட்டு வரிசையில் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"டர்னரே, நீ வச்ச கல்லுல நெம்பரு போட்டுகினு கீறானுங்கோ. ஊரு ஊரா ஆளுங்கள இட்டுகினு வந்து காட்றானுங்கோ. போய்ப் பாரு."

ஷிப்ட் முடிந்ததும் ஓடினேன். எங்கள் கற்கள் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்ட்டில் எண். சஃபாரி சூட் போட்ட ஒரு தரகர், பஸ்ஸில் வந்து இறங்கிய இரண்டு குடும்பங்களுக்கு மனை காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நடக்க விட்ட பாதைதான் அவர் லே-அவுட்டின் பிரதான சாலை. முள்ளுக்காடாக இருந்தவரை ஒரு ஆள் காலை வைக்க முடியாத புறம்போக்கை நாங்களே சுத்தம் செய்து, அளந்து, கல் நட்டு, சுண்ணாம்பும் அடித்து அவர் கையில் கொடுத்திருந்தோம். சஃபாரி என்றே அவருக்குப் பெயர் வைத்தோம். அவர் பக்கத்தில் போய் இது பொது இடம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, பொது இடத்தில் யாராவது கட்டம் கட்டிக் கல் நடுவார்களா என்று கேட்டார்.

அந்த ஞாயிறு கற்களைப் பிடுங்கித் தாங்கலில் போட்டோம். திங்கட்கிழமை அதே இடத்தில் வேறு கற்கள், சிமென்ட் போட்டு. மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக நடந்தோம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவனை எந்த ஆபீசிலும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். கிழக்குப் பக்கம் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்கள். தாங்கலில் இடித்த கட்டடங்களின் ரப்பிஷைக் கொட்டி மேடாக்கினார்கள். அப்போதுதான் தங்கராசு சொன்னார், அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கலாம் என்று. அவமானமாகத்தான் இருந்தது. போனோம்.

அவள் எங்களை உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன், அதையும் கேட்கவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீ ஒண்ணும் மரம் நட வாணாம். முள்ள போடு. மீதிய குருவி பாத்துக்கும்."

நம்மில் பலருக்கு அந்த வேலை முறை ஞாபகம் இருக்கும். கைகளிலும் இருக்கும். ரயில் பாதை ஓரமாகப் போய் வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேல முள், வெட்டுவோம். காய் இருக்கிற கிளையைத் தொட்டால் அவளிடம் அடி. அந்த விதை விழுந்தால் வேறு எதுவும் முளைக்காது என்பாள். காயில்லாத கிளைகளைத் தலையில் சுமந்து வந்து ஆளுயரக் குவியலாக, கட்டத்தின் நடுவில், பாதையின் நடுவில், வரிசை கிரிசை எதுவும் பார்க்காமல் போட வேண்டும். குவியல்மேல் குருவி வந்து உட்காரும். எங்கேயோ தின்ற இலந்தையும் களாவும் அதன் எச்சத்தோடு முள்ளுக்குள் விழும். முள்ளுக்குள் முளைப்பதை ஆடு தின்ன முடியாது. பழக்கதோஷத்தில் நான் குவியல்களை நேர்க்கோட்டில் போட்டபோது அவள் வந்து காலால் உதைத்துக் கலைத்தாள். முள் அவள் காலில் ஏறி ரத்தம் வந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. முள்ளில் புடவை கிழிந்த குடும்பம் மனை வாங்காது என்பதும் அவள் கணக்கில் இருந்தது.

சஃபாரிக்கும் அந்தக் கணக்கு புரிந்தது. ஒரு வேலை நாளில், பட்டப்பகலில், ஆட்களை அனுப்பி எல்லாக் குவியலிலும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். பட்டறை ஜன்னலிலிருந்து புகையைப் பார்த்தோம். சங்கு ஊதும்வரை வெளியே போக முடியாது. போனபோது எல்லாம் சாம்பல். உள்ளே தவிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது போல. தேசம்மாள் கரிந்த குஞ்சுகளை மடியில் பொறுக்கி, எண் போட்ட கல் ஒன்றின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். தோல் கருகிய ஒரு கீரி உயிரோடு இழுத்துக்கொண்டிருந்தது. அதன் தலையில் ஒரு கல்லைப் போட்டு முடித்தாள். எங்கள் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மடங்கு முள் வேண்டும் என்றாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அது. மழை பெய்து கரை வழுக்கியது. நாங்கள் பதினைந்து பேர் இருந்திருப்போம். ரப்பிஷ் லாரி ஒன்று வந்து நின்றது. பின்னாலிருந்து குதித்தவர்கள் கையில் சைக்கிள் செயின், சோடா பாட்டில், பட்டாக்கத்தி. முதல் பாட்டில் தங்கராசுவின் நெற்றியில் உடைந்தது. அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு முள்ளின்மேல் விழுந்தார். அவ்வளவுதான், எல்லோரும் சிதறினார்கள். என் கையில் மண்வெட்டி இருந்தது. அதைப் போட்டுவிட்டு ஓடினேன். குவார்ட்டர்ஸ் ஓரத்துப் பம்ப் ஹவுசுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

கதவில் ஒரு விரிசல் இருந்தது. அது வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் கடப்பாரையைக் கையில் ஊன்றிக்கொண்டு கரைமேல் நின்றாள். லாரியைத் திருப்பு என்று மட்டும் சொன்னாள். ஒருவன் கத்தியைத் தோளில் இறக்கினான். இடது கை தொங்கிப்போயிற்று. அதற்குப் பிறகுதான், நன்றாகக் கேளுங்கள், அதற்குப் பிறகுதான் அவள் வலது கையால் கடப்பாரையைச் சுழற்றினாள். அது அவன் முழங்காலில் பட்டது. எலும்பு உடைந்த சத்தம் பம்ப் ஹவுஸ் வரைக்கும் கேட்டது. அவன் கத்திக்கொண்டே விழுந்தான். மற்ற இரண்டு பேர் அவளைக் கீழே தள்ளி வயிற்றில் உதைத்தார்கள். உதைக்க உதைக்க அவள் ஒருவனுடைய காலைப் பிடித்துக் கடித்தாள். நான் கதவைத் திறக்கவில்லை. முனுசாமியும் ஊர்ப் பெண்களும் உலக்கையும் மிளகாய்த்தூளுமாக ஓடி வந்தபிறகுதான் லாரி கிளம்பியது. அதற்குப் பிறகும் நான் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன்.

முதலில் புகார் கொடுத்தது அவர்கள். அவள்மேல் கொலை முயற்சி வழக்கு. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கைது செய்தார்கள். யார் முதலில் வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி. அதை ஆரம்பத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடியவர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். போகும் முன் என் ஃபோர்மேன் கூப்பிட்டு, சர்க்கார் வேலையில் இருக்கிறவன் வெட்டுக்குத்துக் கேசில் பெயர் கொடுத்தால் சஸ்பென்ஷன், குவார்ட்டர்ஸும் போகும், யோசித்துச் சொல் என்றார். பம்ப் ஹவுசில் ஒளிந்திருந்தேன், கதவு சாத்தியிருந்தது, எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏட்டு அதை வாசித்துக் காட்டினார். சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

அவள் ஜெயிலில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தாள். காண்டீனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஜாமீனில் வந்து குவார்ட்டர்ஸ் முனையில் இட்லிக் கடை போட்டாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அந்தத் தெருவைத் தவிர்த்து நான் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை அவளே நடுரோட்டில் வந்து சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாக்கலன்னு எய்தி குடுத்துட்டியாமே. பரவால்ல. ஞாயித்துக்கெயம முள்ளு தூக்க வா. அதுக்குக் கண்ணு வாணாம்."

போனேன். வேறு என்ன செய்ய? மூன்று வருஷம் அவளுக்கு முள் சுமந்தேன். அவள் ஒரு நாளும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஒற்றைக் கையால் கிளையை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போவாள். வழுக்கினால் கெட்ட வார்த்தையில் திட்டுவாள். நெற்றியில் தையல் போட்ட தங்கராசுவும் வந்தார். சிதறிய மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். சஃபாரியின் ஆட்கள் இன்னும் இரண்டு தடவை கொளுத்தினார்கள். நாங்கள் மறுபடி போட்டோம். கிழக்குப் பாதியில் வீடுகள் எழும்பிவிட்டன, அதைத் தடுக்க முடியவில்லை. மேற்குப் பாதியில் இரண்டாவது மழைக்குப் பிறகு குவியலுக்குள் இலந்தை தலைகாட்டியது. அடுத்து சூரை, அப்புறம் ஆதண்டைக் கொடி. மூன்றாவது வருஷம் ஒரு விடியலில் கௌதாரி கூப்பிட்டது. எங்கே என்று பார்க்க நான் புதருக்குள் காலை வைத்தேன். ஒரு மண்ணாங்கட்டி பறந்து வந்து என் முதுகில் விழுந்தது. அதைப் பார்க்க ஒருத்தரும் வரக்கூடாது என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். நான் கொன்ற ஒன்று திரும்பி வந்துவிட்டது என்ற எண்ணம் என்னைச் சாப்பிட விடவில்லை.

வழக்கு பூந்தமல்லி கோர்ட்டில் வந்தது. அவள் வக்கீலிடம் நானே போய்ச் சொன்னேன், நான் பார்த்தேன் என்று. அவர் என்னைக் கீழும் மேலும் பார்த்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளிடம் கேட்டீர்களா என்றார். கேட்கவில்லை. கூண்டில் ஏறியபோது தேசம்மாள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். நான் வருவது அவளுக்குத் தெரியாது. விரிசல் வழியாகப் பார்த்ததை ஆதியிலிருந்து சொன்னேன். கத்தி முதலில், கடப்பாரை பிறகு. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். போலீசில் பார்க்கவில்லை என்றீர்களே, அது பொய்யா என்று கேட்டார். பொய்தான் என்றேன். அப்படியானால் இன்றைக்குச் சொல்வதை எப்படி நம்புவது என்றார்.

"அன்னைக்குப் பயந்துதான் சொன்னேன். இன்னைக்கும் பயந்துக்கிட்டுதான் சொல்லுதேன்" என்றேன். என் ஊர்ப் பேச்சு என்னை அறியாமல் வந்துவிட்டது. கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். தேசம்மாள் சிரிக்கவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்த கையை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை விடுதலை செய்தார்கள். தீர்ப்பு வந்த மறுவாரம் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இரண்டு பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பினேன். முதல் அடி தாடையில். மூன்று பல் அங்கேயே விழுந்தது. கீழே கிடந்தவனை மிதித்ததில் விலா எலும்பு இரண்டு. கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கு அந்த உரிமை கிடையாது. தொழிற்சாலையில் மெமோ கொடுத்தார்கள், மேலே வர வேண்டிய பதவி வரவில்லை. தேசம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வீங்கிய முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பத்தான்யா பாக்க ஒயிங்கா கீற" என்றாள். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தூக்குச் சட்டியில் கொண்டுவந்த கஞ்சியை, மெல்ல முடியாத என் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். சூடு இருக்கிறதா என்று ஒவ்வொரு கரண்டியையும் தன் உதட்டில் வைத்துப் பார்த்தாள். நான் அழுதேன். கஞ்சி வழிகிறது, ஒழுங்காகக் குடி என்று அதட்டினாள்.

அதற்குப் பிறகு சஃபாரி வேறு ஏரியைப் பார்க்கப் போய்விட்டார். இது அரசு நிலம் என்று தாலுகா ஆபீசிலிருந்து ஒரு தகரப் பலகை வந்தது. மேற்குப் பாதி இன்று ஆளை மறைக்கிற உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. பார்க்க விட்டதில்லை அவள்.

போன ஞாயிறு குவார்ட்டர்ஸ் மன்றத்தில் அவளுக்கு இரங்கல் கூட்டம். படத்துக்கு மாலை, ஒரு நிமிட மௌனம். பேசியவர்கள் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். கடைசியில் ஒரு தீர்மானம் வந்தது. முட்புதர்களை அகற்றி, நடைபாதை போட்டு, சிமென்ட் பெஞ்சும் ஊஞ்சலும் வைத்து, தேசம்மாள் நினைவுப் பூங்கா அமைப்பது. தைப்பொங்கலுக்குள் சுத்தம் செய்துவிட வேண்டும், தொண்டர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். கைதட்டல். புதுசாகக் குடிவந்த பிள்ளைகள் ஆர்வமாகக் கை தூக்கினார்கள். கெட்டவர்கள் யாரும் இல்லை அங்கே. அந்த ஆர்வத்தை எனக்கு நன்றாகத் தெரியும், நான் அதே மாதிரி இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கியவர் என்று மேடையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறார் பெரியவர் என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் என்மேலேயே காறித் துப்பிக்கொண்டிருந்தேன். இந்த வயதிலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேனே என்று. அப்புறம்தான் பேனாவை எடுத்தேன். அவள் நினைவு மலருக்கு என்னிடம் இரங்கல் கட்டுரை கேட்ட குழுவினர் மன்னிக்க வேண்டும், இது என் சாட்சியம். அந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். அவளை வெட்டிய இடத்தை வெட்டிவிட்டு அவள் பெயரை வைக்காதீர்கள். முள்ளுக்குள் கௌதாரி முட்டையிட்டிருக்கும். நான் பார்க்கவில்லை, ஆனால் தெரியும்.

அவளிடமிருந்து என்னிடம் எது மிச்சம் என்று நினைத்துப் பார்க்கிறேன். பொறுமை அவளிடமே இருந்ததில்லை. தைரியம் அவளோடு போய்விட்டது, அது எனக்கு எப்போதும் ஒட்டவில்லை. அவள் கோபத்தில் ஒரு பிடி மட்டும் என் கையில் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு சொல்கிறேன். நீங்கள் அரிவாளோடு வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கரைமேல் நின்றுகொண்டிருப்பேன். பயந்துகொண்டுதான் நிற்பேன். ஓட மாட்டேன், முழங்கால் இரண்டும் போய்விட்டதால் ஓடவும் முடியாது. முதல் வெட்டு யார் வெட்டினாலும் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வேன்.